பெருமாள் சொன்ன விலை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. இருந்தும் ஐம்பதுகளின் கடைசியில் சில மாதங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரிய அமெரிக்க பிளஷர் கார் என் பேரில் இருந்தது. அதை விற்கப் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

உறையூரில் ஒரு சுருட்டுக் கம்பெனியில் நான் குமாஸ்தா. எட்டாவதோடு படிப்பு நின்றது. கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதற்காக எடுத்துக்கொண்டார்கள். நெற்றியில் திருமண்ணோடு ஒருவன் புகையிலை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பில் போடுவதை வெளியூர் வியாபாரிகள் வேடிக்கை பார்ப்பார்கள். நான் ஒரு சுருட்டைக்கூட வாயில் வைத்ததில்லை. ஆனால் சட்டை நாற்றத்தை வைத்தே நான் சந்துமுனையில் வருவதை என் மனைவி சொல்லிவிடுவாள். வந்ததும் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் பெருமாள் படத்துக்கு முன்னால் போவேன்.

ஜனங்கள் சுருட்டை விட்டு பீடிக்கும் சிகரெட்டுக்கும் போய்விட்டார்கள். முதலாளிக்கும் வயதாகிவிட்டது. பம்பாயிலிருந்த மகன் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. சுருட்டுச் சுற்றிய பெண்களுக்கு முதலில் கணக்குத் தீர்த்தார். அப்புறம் வண்டிக்காரர்கள், வாட்ச்மேன். கடைசியாக மிச்சம் இருந்தது நான் ஒருவன், வாசலில் அவருடைய கார் ஒன்று.

"உனக்குக் குடுக்க ரொக்கம் இல்லப்பா. வண்டிய எடுத்துக்க. கணக்குல அது அஞ்சாயிரத்துல நிக்குது. உனக்குச் சேர வேண்டியதும் ஏறக்குறைய அதான்."

"எனக்கு எதுக்குங்க காரு?"

"வித்துக்கோ. நான் வித்துக் காசாக்கி உன் கையில குடுக்கலாம்னா, பையன் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டான்."

அந்த ஐயாயிரம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். வண்டி வாங்கிய விலையில் வருஷத்துக்கு இவ்வளவு என்று ஆடிட்டர் கழிக்கச் சொல்லுவார். தேய்மானம் என்று அதற்குப் பெயர். அந்த வரியை வருஷா வருஷம் எழுதியவன் நான்தான். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பேனாவாலேயே அதைத் தேய்த்துக்கொண்டு வந்தேன். கடைசியில் தேய்ந்தது போக மிச்சம் எனக்கே வந்து சேர்ந்தது.

டிரைவர் காவேரிப் பாலம் தாண்டி வண்டியைக் கொண்டுவந்தார். எங்கள் வீடு கீழச் சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். வண்டியின் மூக்குகூட அதற்குள் நுழையவில்லை. ஆகவே வீதியிலேயே, ஒரு பூக்கடைப் பெஞ்சுக்குப் பக்கத்துச் சுவரோரமாக நிறுத்தினார். சாவியை என் கையில் கொடுத்து, "தெனம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி விடுங்க, பேட்டரி எறங்கிடும்" என்றார். எப்படி என்று நான் கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர் போய்விட்டார்.

இனி என்ன செய்வது என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் குழப்பம் இல்லை. அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மளிகைக் கடை. வைத்திருந்த பெரியவர் காசிக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சரக்கோடு, வாடகை உரிமையோடு நாலாயிரத்து ஐநூறு கேட்டார். கார் விற்ற பணத்தில் அந்தக் கடையை எடுப்பது. இரண்டு பெண் குழந்தைகள், வாடகை வீடு. கையில் இருந்தது சித்திரை மாதம் வரை ஓடும். அதற்கு மேல் ஓடாது. பெரியவரும் அதே கெடுதான் சொன்னார்.

"தேருக்கு முன்னாடி வந்துடுங்க. தேருக்கு வர்ற சனத்துக்கு யாவாரம் பண்ண கடையில ஆள் இருக்கணும். அதுக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன்."

அப்போது தை மாதம். சித்திரைத் தேருக்கு நாள் நிறைய இருந்தது.

பாலக்கரையில் கார் தரகு செய்யும் பாய் ஒருவரை அழைத்துவந்தேன். மெலிந்த மனிதர். வெள்ளைத் தொப்பி, கையில் சின்ன டார்ச் லைட். பட்டப்பகலில் டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் பார்த்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார். கதவைத் திறந்து மூடி, மூடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பின் ஸீட்டில் முகத்தை வைத்து மோந்தார்.

"சுருட்டு வாசனை போகாது சாமி. புடிச்சவனுக்கு அது நூறு ரூபா கூட. புடிக்காதவனுக்கு எரநூறு கம்மி."

"விலை சொல்லுங்க பாய்."

"மூவாயிரத்தி ஐநூறு."

"கம்பெனிக் கணக்குல அஞ்சாயிரம்."

"கம்பெனிக் கணக்கு பெட்ரோல் குடிக்குமா? இது குடிக்கும். ஒரு காலன் பெட்ரோலுக்குப் பன்னெண்டு மைல் போனா அதிசயம். வெளிநாட்டு வண்டி எறக்குமதிய சர்க்கார் நிறுத்திட்டான். சாமானும் வர்றதில்ல. ஒரு நட்டு போனா மதராஸ் போகணும், அங்கயும் இல்லேன்னா பம்பாய் போகணும். தெனம் காலையில எந்திரிச்சா இது ஒரு ரூபா கொறஞ்சிருக்கும் சாமி. நீங்க தூங்குனாலும் கொறையும், முழிச்சுக்கிட்டு இருந்தாலும் கொறையும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"மொதலாளி அஞ்சாயிரம்கிறார். பாய் மூவாயிரத்தி ஐநூறுங்கிறார். ரெண்டு பேர்ல யாருங்க பொய் சொல்றது?"

"யாரும் பொய் சொல்லல. அது கணக்கு விலை, இது சந்தை விலை."

"ஒரு வண்டிக்கு எதுக்கு ரெண்டு விலை?" களைந்த தண்ணீரை வடித்தாள். "மொதலாளி நம்மள ஏமாத்துற ஆளு இல்லைங்க. பெருமாளக் கேட்டுடுவோம்."

எங்கள் வீட்டில் அது வழக்கம். எதிலாவது மனம் இரண்டு பட்டால் திருவுளச்சீட்டுப் போடுவோம். பெரியவளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, சின்னவளுக்கு எந்த வைத்தியர், எல்லாம் அப்படித்தான் முடிவானது. வந்த சீட்டை மாற்றுவதில்லை. மறுபடி கேட்பதும் இல்லை. பெருமாள் ஒரு தடவை சொன்னதைத் திரும்பக் கேட்பது அவரை நம்பாததுபோல் ஆகும் என்று இருவருமே நினைத்தோம். இதில் எனக்கு இன்றைக்கும் மாற்று எண்ணம் இல்லை.

மூன்று சீட்டு எழுதினேன். பாய் சொன்னது ஒன்று, கடைக்கு வேண்டியது ஒன்று, முதலாளி சொன்னது ஒன்று. மடித்துத் தட்டில் போட்டு, துளசி வைத்து, படத்துக்கு முன்னால் விழுந்து சேவித்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

ஐயாயிரம்.

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. பணம் கூட வரும் என்பதால் வந்த வெளிச்சம் இல்லை அது. "பாத்தீங்களா, மொதலாளி நியாயமானவர்" என்றாள். இத்தனை வருஷம் நான் வேலை பார்த்த இடம் நல்ல இடம் என்று பெருமாளே கையெழுத்துப் போட்டதுபோல் எனக்கும் இருந்தது.

மாசி பிறந்ததும் முசிறிப் பக்கத்திலிருந்து ஒரு ரைஸ்மில்காரரைப் பாய் கூட்டிவந்தார். அவருக்கு வண்டி பிடித்துவிட்டது. பின் ஸீட்டில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தார். நாலாயிரத்து இருநூறு சொன்னார்.

"ஐயாயிரம்" என்றேன்.

பாய் என்னைக் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப்போனார். "சாமி, நான் சொன்னதுக்கு மேல எழுநூறு ரூபா. அல்லா குடுக்குறான், கைய நீட்டுங்க."

"விலை நான் வெச்சதில்ல பாய்."

"பின்ன யாரு வெச்சது?"

"பெருமாள்."

விவரம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைச் சரி செய்துகொண்டார். ரைஸ்மில்காரரிடம் போய், "அய்யா, இது தரகன் பேசுற விலை இல்ல. நான் உள்ள வரமாட்டேன். அஞ்சாயிரம்னா எடுங்க, இல்லேன்னா விடுங்க" என்று சொல்லிவிட்டார். ரைஸ்மில்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பஸ் ஏறிவிட்டார்.

பக்கத்துப் பெஞ்சில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் வீதி முழுக்கத் தெரிவதற்குச் சாயங்காலம் வரைகூட ஆகவில்லை.

பெருமாள் விலை சொன்ன கார் என்று பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வாங்குகிறவர்கள் இல்லை, பார்க்கிறவர்கள். யாரோ பானெட்டில் குங்குமம் வைத்தார்கள். கோயிலுக்கு வந்த வெளியூர்க் கூட்டம் ஒன்று அதைச் சுற்றிவந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் இருந்தது. பூக்கார அம்மாளுக்கு வியாபாரம் நன்றாக நடந்தது.

"சாமி, இத வித்துறாதீங்க. எனக்குக் கோயில் வாசலவிட இங்கதான் பூ போவுது."

"எனக்குக் கடை வேணும்மா."

"உண்டியல் ஒண்ணு வெச்சுப் பாருங்க, காரு தானா அஞ்சாயிரம் சேத்துக் குடுத்துரும்."

திருவெள்ளறையிலிருந்து ஒரு மிராசுதார் வந்தார். பெரிய நிலக்காரர். ஐயாயிரம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வண்டிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"நிஜமா சீட்டுப் போட்டீங்களா?"

"போட்டோம்."

"பெருமாள்தான் விலை சொன்னாரா?"

"அவர்தான் சொன்னார்."

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "பணம் கொண்டாந்திருக்கேன். ஆனா அவர் வாயால விலை சொன்ன வண்டியில நான் எப்படிங்க செருப்புக் காலோட ஏறுறது? டிரைவர் பொடி போடுவான். பசங்க உள்ள உக்காந்து முறுக்குத் தின்னுவானுங்க. வேணாம் சாமி, அபசாரம்." ஒரு ரூபாயை வண்டியின் மேல் வைத்துவிட்டு, சேவித்துவிட்டுப் போனார்.

இதைச் சொன்னபோது பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "பக்தி உள்ளவன் ஏற மாட்டேங்கிறான். பக்தி இல்லாதவன் விலை ஜாஸ்திங்கிறான். நான் யாரத் தேடுறது சாமி? பாதி பக்தி உள்ளவன் எங்க கிடைப்பான்?"

பெருமாள் சொன்ன விலை என்பதை வெளியே சொன்னதுதான் நாங்கள் செய்த பிசகு. எங்களைப்போல் நம்பிக்கை உள்ளவர்கள்தான் அந்த விலையைக் கொடுத்திருக்க முடியும். அவர்களுக்கு அது விற்பனைப் பொருள் இல்லாமல் போய்விட்டது.

பங்குனியில் ஒரு டயர் காற்றிறங்கியது. பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருந்தது. வெயிலில் மேல் பூச்சு மங்கி, கூரையில் குருவி எச்சம் வெள்ளைக் கோடாக ஓடியது. பாய் கொண்டுவந்த ஆட்கள் மூவாயிரத்து இருநூறு என்றார்கள், பிறகு இரண்டாயிரத்து எண்ணூறு என்றார்கள். பெட்ரோல் விலை என்றார்கள், சாமான் இல்லை என்றார்கள், மாடல் பழசு என்றார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தச் சமயத்தில் பாய் ஒரு விஷயம் சொன்னார். கண்டோன்மெண்டில் ஒரு டாக்டர், நம் நாட்டிலேயே செய்கிற சின்ன வண்டிக்குப் பதிவு செய்து, காத்திருந்து வாங்கினார். இரண்டு வருஷம் ஓட்டினார். இப்போது புது விலைக்கு மேல் வைத்து விற்றுவிட்டார். ஏனென்றால் புதுசுக்கு வரிசையில் நிற்பவன் பழசானாலும் இன்றைக்கே கிடைத்தால் போதும் என்கிறான்.

என் மனைவிக்கு இது புரியவே இல்லை.

"ஓடித் தேஞ்ச வண்டி ஏறுது. நம்ம வண்டி நின்ன எடத்துல நிக்குது, அது எறங்குதா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"பவுன்ல சேதாரம்னு கழிக்கிறான். கழிச்சாலும் அடுத்த வருஷம் பவுன் ஏறிடுது. இது என்ன பொருளுங்க, கழிஞ்சுக்கிட்டே போவுது?"

"நாம வேணும்னா அந்தச் சீட்ட..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேலே சொல்லவில்லை. அவளிடம் பிடிவாதம் இல்லை. இரண்டு குழந்தைகளுக்கும் மோர் சாதத்தில் மோரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். கடை அவளுக்குத்தான் என்னைவிட அதிகமாக வேண்டியிருந்தது. அதற்காகப் பெருமாளிடம் பேரம் பேச அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் அவள் பார்க்காமல் இருந்திருந்தால் நான் முடித்திருப்பேன்.

தேருக்கு முகூர்த்தக்கால் நட்டாயிற்று. தேர் ஓடுகிற வீதியைச் சரிபார்த்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். கீற்றுப் பந்தல்களைப் பிரித்தார்கள், பெஞ்சுகளை உள்ளே போடச் சொன்னார்கள். காருக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"யாரு வண்டி இது?"

"பெருமாள் விலை வெச்ச வண்டிங்க" என்றாள் பூக்கார அம்மாள்.

"வெச்சவரே தேர்ல வர்றாரு. அவருக்கு வழி விடச் சொல்லும்மா."

வீதியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பாய்க்குச் சொல்லியனுப்பினேன். அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். வீதிக்காரர்கள், பூக்கார அம்மாளின் மகன், தேர் வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். காற்றில்லாத டயர் தப்பு தப்பென்று அடித்துக்கொண்டே வந்தது. "கோவிந்தா, கோவிந்தா" என்று யாரோ ஆரம்பிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தேருக்கு முன்னாலேயே ஒரு தேர் ஓடியது. கொள்ளிடத்துப் பக்கம் பாய்க்குத் தெரிந்தவரின் தென்னந்தோப்பு ஓரத்தில் கொண்டுபோய் விட்டோம். திரும்பி வரும்போது மளிகைக் கடைப் பெரியவர் என்னை நிறுத்தினார்.

"தேருக்குள்ள முடிச்சுடுவீங்களா? மணச்சநல்லூர்க்காரன் ஒருத்தன் பணத்தோட நிக்கிறான். உங்களுக்காகத்தான் அவனை இழுத்துக்கிட்டு இருக்கேன்."

"பாக்குறேங்க" என்றேன். பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் தோப்புக்குப் போனபோது, பாயோடு ஒரு புதியவர் நின்றிருந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அவரிடமும் இதே கம்பெனி வண்டி, இதே மாடல், கார்புரேட்டர் உடைந்து மாதக்கணக்கில் கொட்டகையில் கிடக்கிறதாம். மதராஸ் தேடியாயிற்று, பம்பாய்க்கு எழுதியாயிற்று.

"வண்டி வேணாங்க" என்றார் என்னிடம். "இருக்குற ஒண்ணுக்கே தீனி போட முடியல. கார்புரேட்டர் மட்டும் கழட்டிக் குடுப்பீங்களா? எரநூத்தம்பது தர்றேன்."

பாய் என் முகத்தைப் பார்த்தார்.  பிரித்து விற்றால் காசு வரும் என்பது அவருக்கு முன்பே தெரியும் என்று எனக்குத் தோன்றியது. பெருமாள் விஷயம் என்பதால் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

"வீட்டுல கேட்டுட்டு வரேன்" என்றேன்.

"காரு சாமான் விக்க வீட்டுல கேக்கணுமா?" என்றார் புதுக்கோட்டைக்காரர்.

"இந்தக் காருக்குக் கேக்கணும்" என்றார் பாய்.

என் மனைவி அடுப்படியில் இருந்தாள். சொன்னேன். விறகை உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"கழட்டிக் குடுத்துட்டா வண்டி ஓடாதுல்ல?"

"ஓடாது. இப்பவும் ஓடல."

"அப்புறம் அதுக்கு அஞ்சாயிரம் யாரும் தர மாட்டாங்க."

"இப்பவும் தரல."

அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள்: "சீட்டுல என்னன்னு எழுதினீங்க? கார்னு எழுதினீங்களா, தொகை மட்டும் எழுதினீங்களா?"

"தொகை மட்டும்தான்."

"அவர் அஞ்சாயிரம்னு சொன்னார். ஒரே ஆள்கிட்ட வாங்குன்னு சொல்லல. ஒரே நாள்ல வாங்குன்னும் சொல்லல. அதெல்லாம் நாமளா நெனைச்சுக்கிட்டது." எழுந்து முகத்தை முந்தானையில் துடைத்தாள். "கழட்டிக் குடுங்க. ஆனா ஒரு சாமானையும் வந்த விலைக்குத் தள்ளிடாதீங்க. மொத்தம் அஞ்சாயிரத்துல போய்ச் சேரணும்."

கார்புரேட்டர் போயிற்று. கையில் இருநூற்றைம்பது வந்தது. கடைக்கு நாலாயிரத்து ஐநூறு வேண்டும். மளிகைக் கடைப் பெரியவரிடம் போய், "மணச்சநல்லூர்க்காரருக்கே குடுத்துடுங்க" என்று சொன்னேன். "உங்களுக்குக் குடுக்கணும்னு இருந்தேன்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

தேரன்று நான் வடம் பிடித்தேன். கிராமத்து ஜனங்கள் நெல்லும் பருப்பும் மூட்டையோடு வந்து குவிந்திருந்தார்கள். அரங்கன் எங்கள் வீதியில் திரும்பி வந்தபோது கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அதன்மேல் நின்றுதான் சேவித்தேன். என்ன கேட்டேன் என்று ஞாபகம் இல்லை. கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். சாயங்காலம் அம்மா மண்டபம் ரோடு வழியாகக் காவேரிக்குப் போனேன். கடையில் புது ஆள் உட்கார்ந்து பொட்டுக்கடலை நிறுத்துக்கொண்டிருந்தான். கூட்டம் நெருக்கியது. நல்ல வியாபாரம்.

அதற்கப்புறம் நடந்தது மெதுவாக நடந்தது. டைனமோ ஒன்றை மதுரைக்காரர் வாங்கிப்போனார். ரேடியேட்டர் காரைக்குடி போயிற்று. முன் பக்கத்துப் பெரிய பம்பருக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். வண்டியாக நின்றபோது பழைய மாடல் என்று முகத்தைச் சுளித்தவர்கள், கதவுக் கண்ணாடியாகப் பார்த்தபோது "உடையாம இருக்கே!" என்று ஆச்சரியப்பட்டார்கள். முழுசாக இருக்கும்வரை அது நாளுக்கு நாள் குறைந்தது. பிரித்த பிறகு நாளாக ஆக ஏறியது, ஏனென்றால் அதே சாமான் நாட்டில் வேறெங்கும் குறைந்துகொண்டே வந்தது. ஆடிட்டர் சொல்லி நான் எழுதிய தேய்மானத்தில் இது எந்த வரியிலும் இல்லை.

தோப்பில் வைத்திருந்தால் துருப்பிடிக்கும் என்று பாய் தன்னுடைய பாலக்கரைக் கொட்டகையில் ஒரு மூலையைக் கொடுத்தார். சாமான்களை அங்கே கொண்டுபோய் அடுக்கினேன். வாங்க வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்ட நான் தினமும் போக வேண்டியிருந்தது. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, பஸ் பிடித்துப் பாலம் தாண்டிப் போவேன். துண்டுச் சீட்டில் என் குண்டுக் கையெழுத்தில் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிக் கட்டித் தொங்கவிட்டேன்.

"சாமி, காயலான் சாமானுக்குக் கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதியிருக்கீங்களே" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்தார்கள். ஆனால் தேடுகிறது உடனே கிடைத்தது. அது கிடைக்குமா, இது கிடைக்குமா என்று என்னிடம் இல்லாததையும் கேட்க ஆரம்பித்தார்கள்.

"சாமி, ஒரு வண்டி விபத்துல சிக்கி அரியமங்கலத்துல கிடக்கு. எரநூறுக்குத் தர்றான். எஞ்சின் நல்லாருக்கு" என்றார் பாய் ஒருநாள். "பங்குக்கு வாங்க. ஹலாலான யாவாரம். பரக்கத் இருக்கும், போட்டது பெருகும்."

பின் ஸீட்டை விற்ற பணம் மடியில் இருந்தது. போட்டேன். அந்த வண்டியின் எஞ்சினை விற்ற பணத்தில் இன்னொன்று வந்தது. ஐப்பசியில் கொட்டகையின் பாதியைத் தட்டி வைத்துத் தடுத்து எனக்கென்று வாடகைக்கு எடுத்தேன். மளிகைக் கடை வைக்க நினைத்த நான் பழைய கார் சாமான் கடை வைத்தேன். முன்பு புகையிலை நாற்றம். இப்போது கிரீஸ் நாற்றம். கிணற்றடிக் குளியல் மாறவில்லை. குழந்தைகளுக்கு மோர் கெட்டியாயிற்று.

கடை பூஜையன்று என் மனைவி வந்தாள். பாலக்கரைக்கு அவள் அதற்கு முன் வந்ததில்லை. சுவரில் படம் மாட்டி, கற்பூரம் காட்டி, எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். பாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கூட்டம் கலைந்ததும் அவள் முக்காலியில் உட்கார்ந்து, தொங்குகிற சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதுல நம்ம வண்டி எது?"

"கொஞ்சந்தான் மிச்சம். அந்த ரெண்டு கதவு, இந்த கியர்பாக்ஸ்."

"இதுவரைக்கும் நம்ம வண்டிக்கு மட்டும் எவ்வளவு வந்துச்சு? அஞ்சாயிரம் ஆச்சா?"

நான் யோசித்தேன். பின் ஸீட் காசில் அரியமங்கலத்து வண்டியில் ஒரு பங்கு. அதன் எஞ்சின் காசில் தஞ்சாவூர் வண்டி. தஞ்சாவூர் வண்டியின் டயர் காசில் இந்த வாடகை. எதை எங்கிருந்து பிரிப்பது? கணக்கெழுதியே பிழைத்தவன், எனக்கே தெரியவில்லை.

"சொல்ல முடியலையே" என்றேன். "ஒண்ணோட ஒண்ணு கலந்து போச்சு. ஆயிருக்கலாம். ஆகாமலும் இருக்கலாம்."

அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். முக்காலியிலிருந்து எழுந்து, பொங்கல் பாத்திரத்தை மூடினாள்.

"அப்படீன்னா இன்னும் வித்துக்கிட்டுதான் இருக்கோம்" என்றாள். "அவருக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நீங்க கடையப் பாருங்க, வாசல்ல ஆள் நிக்குது."

நின்றிருந்தவர் ஒரு டாக்ஸிக்காரர். ஹெட்லைட் கண்ணாடி கேட்டார்.